ரத்தம் உறையும் சோதனைகள்: ‘கோயாகுலேஷன் புரொஃபைல்’ கட்டில் எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம்

ரத்தம் உறைவதைப் பார்க்கும் சோதனைகளை ஆய்வகங்கள் ‘கோயாகுலேஷன் புரொஃபைல்’ என்ற பெயரில் ஒரே கட்டாகத் தருகின்றன. உள்ளே வழக்கமாக இருப்பவை பிளாஸ்மா உறைய ஆகும் நொடியை அளக்கும் ப்ரோத்ராம்பின் டைம், அதிலிருந்து கணக்கிடும் ஐ.என்.ஆர்., வேறொரு தூண்டியால் அதே நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை. சில கட்டுகளில் ஃபைப்ரினோஜனும் (கட்டியின் இழையாகும் புரதம்) டி-டைமரும் (கட்டி கரையும்போது வரும் துண்டு) சேரும். இன்னும் சிலவற்றில் பழைய ப்ளீடிங் டைமும் க்ளாட்டிங் டைமும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆபரேஷனுக்கு முன்பும் இந்தக் கட்டுதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் இதுதான். காரணம் தெரியாமல் ரத்தம் கசிபவருக்கும், கால் வீங்கி ரத்தக்கட்டியோ என்று பயப்படுபவருக்கும் இதுதான். நான்கும் வெவ்வேறு கேள்விகள். கேள்வி என்ன என்று பார்க்காமல் கட்டை மட்டும் வாங்கினால், கையில் கிடைப்பது எண்கள், பதில் அல்ல.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐ.என்.ஆர். தன் வேலையை மிக நன்றாகச் செய்யும் சோதனை, ஆனால் அந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஏ.பி.டி.டி. பயனுள்ளது, அதே அளவுக்குத் தவறாகவும் படிக்கப்படுவது. ஃபைப்ரினோஜன் கட்டில் இருக்க வேண்டியது, பெரும்பாலும் இருப்பதில்லை. டி-டைமர் ‘இல்லை’ என்று சொல்ல மட்டுமே நல்லது. ப்ளீடிங் டைம், க்ளாட்டிங் டைம் இரண்டையும் எடுத்துவிடலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் வாயால் சொல்லும்போது ப்ரோத்ராம்பின் டைமும் ‘பி.டி.’, ப்ளீடிங் டைமும் ‘பி.டி.’. தொலைபேசியில் கேட்டு எழுதும் இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று செய்யப்படுவது இதனால்தான். சீட்டில் முழுப் பெயரை எழுதச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையிலும் அதையே செய்கிறோம்.

ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பாதி ரிசல்ட் முடிவாகிறது

உறைதல் சோதனைகளில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் நடப்பதில்லை. ஊசி குத்தும் நாற்காலியிலும், டியூப் காத்திருக்கும் மேசையிலும் நடக்கிறது. ஒரு லேப் நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், நீல மூடி டியூபைப் பாருங்கள்.

அந்த டியூபுக்குள் 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட் திரவம் இருக்கிறது. ரத்தம் உறைய கால்சியம் தேவை; சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் டியூபுக்குள் ரத்தம் உறையாமல் நிற்கும். சோதனையின்போது கால்சியத்தைத் திரும்பச் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். ரத்தம் 9 பங்கு, சிட்ரேட் 1 பங்கு என்பதுதான் கணக்கு. 2.7 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லி சிட்ரேட். டியூபில் போட்டிருக்கும் கோடு அதற்காகத்தான். கோட்டுக்குக் கீழே, சொன்ன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் குறைவாக ரத்தம் நின்றால், மிஞ்சிய சிட்ரேட் பிறகு சேர்க்கும் கால்சியத்தையும் விழுங்கும். உறைய நேரம் நீளும். நோயாளிக்கு ஒன்றுமில்லை, ரிப்போர்ட்டில் மட்டும் ‘அதிகம்’ என்று வரும். ஏ.பி.டி.டி. இதில் சீக்கிரம் கெடும், ப்ரோத்ராம்பின் டைம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

குறைவாக நிரம்புவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. இறக்கை வைத்த பட்டர்ஃப்ளை ஊசியில் எடுத்தால், அதன் நீளக் குழாயில் இருக்கும் காற்று முதல் டியூபுக்குள் போய்விடும். அந்த முதல் டியூப் நீல மூடியாக இருந்தால் கோடு எட்டாது. வேறொரு டியூபைச் சொருகிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அதை எறிந்துவிட்டு, பிறகு நீல மூடியை மாட்ட வேண்டும். தெரிந்தவர்கள் இதைக் கேட்காமலே செய்வார்கள்.

இதே காற்றுக் கதைக்கு நேர் எதிரான ஒன்று: ரத்தத்தில் சிவப்பணு அடர்த்தி மிக அதிகமாக இருப்பவர்கள். ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 விழுக்காட்டைத் தாண்டினால் பிளாஸ்மா (செல்கள் நீங்கிய ரத்தத் திரவம்) குறைவு, ஆனால் சிட்ரேட் அதே அளவு. டியூப் கோடு வரை நிரம்பியிருந்தும் முடிவு தவறும். அப்போது சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். 100லிருந்து ஹெமடோக்ரிட்டைக் கழித்து, அதை ரத்தத்தின் அளவாலும் 0.00185 ஆலும் பெருக்கினால் தேவையான சிட்ரேட் மில்லியில் கிடைக்கும். ஹெமடோக்ரிட் 60, ரத்தம் 2.7 மில்லி என்றால் 0.2 மில்லி. டியூபிலிருந்து 0.1 மில்லியை முன்பே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம் பாயும் குழந்தைகளுக்கு இது அடிக்கடி தேவைப்படும். செய்யாமல் விட்டால் அந்தக் குழந்தைக்கு இல்லாத உறைதல் குறை இருப்பதாக எழுதப்பட்டுவிடும்.

டியூப்களின் வரிசையும் முக்கியம். ரத்த கல்ச்சர் இருந்தால் அது முதலில், அடுத்து நீல மூடி, அதன்பின் சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, கடைசியில் ஊதா. ஊதா டியூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. ஒரு துளி நீலத்தில் கலந்தாலும் அதுவும் கால்சியத்தைப் பிடிக்கும். பச்சை டியூபில் இருப்பது ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின். அது கலந்தால் ஏ.பி.டி.டி. எகிறும். ஊதா டியூபில் கோட்டைத் தாண்டி நிரம்பியதை நீல மூடியில் ஊற்றிச் சமன் செய்யும் பழக்கம் எங்கேயாவது கண்ணில் பட்டால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

எடுத்தவுடன் டியூபை மூன்று நான்கு முறை மெதுவாகத் தலைகீழாக்க வேண்டும். குலுக்கக் கூடாது. குலுக்கினால் செல்கள் உடையும். கலக்காமல் வைத்தால் அடியில் சிறு கட்டி விழும். சிறு கட்டி விழுந்த டியூபில் ஃபைப்ரினோஜன் ஏற்கெனவே செலவாகிவிட்டது, அந்த சாம்பிளில் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. கையைக் கட்டும் ரப்பரும் ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிக் கிடக்கக் கூடாது. நரம்பு கிடைக்காமல் ஊசியை உள்ளே வைத்துத் துழாவினால் திசுவிலிருந்து உறைதலைத் தூண்டும் பொருள் ரத்தத்தில் கலக்கும். வேறு கையில் புதிதாகக் குத்துவதே சரி. ஐ.வி. லைனிலிருந்து எடுப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 5 மில்லி சலைன் விட்டுக் கழுவி, முதலில் வரும் 5 மில்லி ரத்தத்தை எறிந்துவிட்டு எடுக்கலாம்.

இனி நேரக் கணக்கு. அறை வெப்பத்தில் வைத்தால் ப்ரோத்ராம்பின் டைம் 24 மணி நேரம் தாங்கும், ஏ.பி.டி.டி. 4 மணி நேரம்தான். ஹெப்பாரின் மருந்தாக ஏறிக்கொண்டிருப்பவரின் சாம்பிளை ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் பிளேட்லெட்டுகள் வெளியிடும் ஒரு புரதம் ஹெப்பாரினைச் செயலிழக்கச் செய்து, மருந்து போதவில்லை என்ற பொய்யான எண்ணைத் தரும். அதை நம்பி டோஸை ஏற்றினால் நோயாளிக்கு ரத்தம் கசியும். ‘கெட்டுப்போகாமல் இருக்கட்டும்’ என்று முழு ரத்தத்தைப் பிரிட்ஜில் வைப்பதும் தவறு. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் ‘காரணி’ என்று எண் போட்டு அழைப்பார்கள்; குளிரில் 7ஆம் காரணி தூண்டப்படும். 8ஆம் காரணியும், பிளேட்லெட்டுகளை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணியும் குறையும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகும் சேவைகளில் ஐஸ் பெட்டிக்குள் நீல மூடி டியூபைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள். எடுத்த நேரமும் லேபில் சேர்ந்த நேரமும் ரிப்போர்ட்டில் தனித்தனியாக அச்சாகும் லேப், இந்த விஷயத்தில் அக்கறையுள்ள லேப்.

ஐ.என்.ஆர்.: எதற்காகப் பிறந்ததோ அதற்கு மட்டும்

ப்ரோத்ராம்பின் டைமை 1935இல் ஆர்மண்ட் குவிக் அறிமுகப்படுத்தினார். பிளாஸ்மாவில் உறைதலைத் தூண்டும் த்ராம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, ஃபைப்ரின் இழை தோன்றும் நொடியைக் குறிப்பார்கள். பெரும்பாலான லேப்களில் 11 முதல் 13.5 நொடிக்குள் இருப்பது இயல்பு. 7, 10, 5, 2 ஆகிய காரணிகளும் ஃபைப்ரினோஜனும் இதில் பங்கெடுக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், ஒரு நிறுவனத்தின் த்ராம்போபிளாஸ்டின் மற்றொன்றைவிட மந்தமானது. ஒரே ரத்தம் ஒரு லேபில் 20 நொடி, வேறொன்றில் 26 நொடி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் ஊர் மாறினால் டோஸே மாறிப்போகும் நிலை. அதைத் தீர்க்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983இல் ஐ.என்.ஆர். முறையை ஏற்றது. நோயாளியின் நொடியை, லேபின் இயல்பான சராசரி நொடியால் வகுத்து, அதை ஐ.எஸ்.ஐ. என்ற எண்ணின் அடுக்காக உயர்த்துவார்கள். ஐ.எஸ்.ஐ. என்பது அந்த ரீஏஜென்ட் (லேப் சேர்க்கும் த்ராம்போபிளாஸ்டின்) எவ்வளவு உணர்திறன் கொண்டது என்பதன் அளவு. நோயாளிக்கு 24 நொடி, சராசரி 12 நொடி, ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் ஐ.என்.ஆர். 2.0. அதே நொடிகளுக்கு ஐ.எஸ்.ஐ. 1.3 என்றால் சுமார் 2.5. இங்கேதான் லேப் தவறும்: புதிய பேட்ச் ரீஏஜென்ட் வந்ததும் இயந்திரத்தில் பழைய ஐ.எஸ்.ஐ. எண்ணையும் பழைய சராசரியையும் மாற்றாமல் விட்டுவிடுவது. அன்று முதல் வரும் எல்லா ஐ.என்.ஆர்.களும் ஒரே திசையில் விலகும். உங்கள் டோஸும் பழக்கமும் மாறாமல் எண் மட்டும் திடீரென நகர்ந்தால், ரிப்போர்ட்டில் ஐ.எஸ்.ஐ. என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதை அச்சிடாத லேபில் தொடர்ந்து ஐ.என்.ஆர். பார்ப்பது சரியல்ல. ஐ.எஸ்.ஐ. 1க்கு அருகில் இருப்பது நல்ல அறிகுறி.

வார்ஃபரினோ அசெனோகூமரோலோ எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இலக்கு 2.0 முதல் 3.0. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5. மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நாட்களில் எண் ஏறுவதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. 7ஆம் காரணி சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடுவதால் ஐ.என்.ஆர். சீக்கிரம் ஏறிவிடும், ஆனால் கட்டி உருவாவதில் முக்கியப் பங்குள்ள 2ஆம் காரணி பாதியாக இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். புதிதாக ரத்தக்கட்டி வந்தவருக்கு ஹெப்பாரின் ஊசியையும் மாத்திரையையும் குறைந்தது ஐந்து நாள், அதோடு ஐ.என்.ஆர். 2ஐத் தொட்டு ஒரு நாள் முழுக்க நிற்கும்வரை, சேர்த்தே தருவதற்குக் காரணம் இதுதான். எண் வந்துவிட்டதே என்று மூன்றாம் நாள் ஊசியை நிறுத்தச் சொல்லி நச்சரிப்பது ஆபத்து.

மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் எண்ணை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும். புதிய மருந்து சேர்ந்தாலும் நின்றாலும் வழக்கமான தேதிக்குக் காத்திராமல் சில நாட்களில் ஒரு ஐ.என்.ஆர். பார்ப்பது அவசியம்.

கல்லீரல் நோயாளிகளிடம் இதே எண் வேறு பொருள் கொள்ளும். ஐ.என்.ஆர். வார்ஃபரினுக்காக அளவுபடுத்தப்பட்டது. கல்லீரல் கெட்டால் உறைய வைக்கும் காரணிகளும் குறையும், உறைதலைத் தடுக்கும் புரதம் ‘சி’ போன்றவையும் குறையும். சோதனை முதல் வகையை மட்டுமே பார்க்கிறது. ‘ஐ.என்.ஆர். 1.8 இருக்கிறது, இவருக்குக் கட்டி வராது’ என்று எண்ணுவது பிழை. வரும்.

ஏ.பி.டி.டி.: நீண்டால் பயப்படும் முன்

இந்தச் சோதனையில் சிலிக்கா, கயோலின் அல்லது எலாஜிக் அமிலம் போன்ற ஒரு தூண்டியும் பாஸ்போலிப்பிடும் சேர்த்து, சில நிமிடம் ஊற வைத்து, பிறகு கால்சியம் விடுவார்கள். சுமார் 25 முதல் 35 நொடி இயல்பு. லேபுக்கு லேப் மாறும். ஐ.என்.ஆர். போன்ற பொது அளவுகோல் இதற்கு இல்லை. ஆகவே ஒரு லேபின் 38ஐ இன்னொரு லேபின் 38ஓடு ஒப்பிடாதீர்கள்.

8, 9, 11, 12 காரணிகளின் குறையை இது காட்டும். ரத்தம் எளிதில் நிற்காத ஹீமோபிலியா நோயில், 8 குறைந்தால் ஹீமோபிலியா ஏ, 9 குறைந்தால் ஹீமோபிலியா பி. ஆனால் 12ஆம் காரணி குறைந்தவருக்கு ஏ.பி.டி.டி. நூறு நொடியைத் தாண்டினாலும் ரத்தம் அதிகம் வராது. அந்தக் காரணி கண்ணாடிக் குழாய்க்குத் தேவைப்படும் அளவுக்கு உடம்புக்குத் தேவைப்படுவதில்லை. இன்னும் வியப்பானது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தும் இந்த எதிர்பொருள், உடம்புக்குள் கட்டிகளை உண்டாக்கும். ஏ.பி.டி.டி. நீண்டிருக்கிறது என்று மட்டும் பார்த்து, ‘ரத்தம் நிற்காது’ என்று பிளாஸ்மா ஏற்றுவது இவர்களுக்கு நேர் எதிரான வைத்தியம். தொடர்ந்து கரு கலைபவர்களிடமும், இளவயதில் காலிலோ மூளையிலோ கட்டி வந்தவர்களிடமும் இதைத் தேடுவார்கள். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது; குறைந்தது 12 வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்த பிறகே உறுதி.

நீண்ட ஏ.பி.டி.டி.க்கு அடுத்த படி ‘மிக்ஸிங் ஸ்டடி’. நோயாளியின் பிளாஸ்மாவும் நல்ல பிளாஸ்மாவும் சரிபாதி கலந்து மறுபடி ஓட்டுவார்கள். நேரம் இயல்புக்குத் திரும்பினால் காரணி குறைவு. திரும்பாவிட்டால் எதிர்பொருள் அல்லது ஹெப்பாரின் கலப்பு. கலந்ததும் சரியாகி, 37 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்த பின் மறுபடி நீண்டால் 8ஆம் காரணிக்கு எதிரான எதிர்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். ஊற வைக்கும் இந்த இரண்டாம் கட்டத்தை நேரம் மிச்சப்படுத்த விட்டுவிடும் லேப்கள் உண்டு. அதை விட்டால் உயிருக்கு ஆபத்தான ஒரு நோய் ‘காரணி குறைவு’ என்ற பெயரில் நழுவிவிடும். மிக்ஸிங் செய்து தருகிறோம் என்று சொல்லும் லேபிடம், ஊற வைத்தும் பார்ப்பீர்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஹெப்பாரின் டிரிப்பைக் கண்காணிக்க ஏ.பி.டி.டி. பயன்படும், டோஸ் மாற்றி 6 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். எனாக்சாபரின் போன்ற குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரினுக்கு இது உதவாது. அதற்கு ஆன்டி-10ஏ சோதனை, அதுவும் சிறுநீரகக் குறை, கர்ப்பம், மிக அதிக எடை போன்ற நிலைகளில்தான் தேவைப்படும்.

பச்சிளங்குழந்தையின் ரிப்போர்ட்டைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுச் சிவப்பு எழுத்தில் அச்சிடும் லேப்கள் தேவையற்ற பதற்றத்தை விற்கின்றன. பிறந்த குழந்தைக்கு இந்த நேரங்கள் இயல்பிலேயே நீளம். வயதுக்கேற்ற அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் தேவையா?

இயல்பு எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் எல்லை. கணக்குப்படி, ஒரு குறையும் இல்லாத 40 பேரைச் சோதித்தால் ஒருவரின் எண் மேல்எல்லையைத் தாண்டும். அவருக்கு ஆபரேஷன் தள்ளிப்போகும், இன்னும் சோதனைகள், இன்னும் அலைச்சல். மறுபக்கம், லேசான வான் வில்லிபிராண்ட் நோயிலும், பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்து செயல் மட்டும் குறைந்த நிலையிலும், 13ஆம் காரணி இல்லாதபோதும் இந்தக் கட்டு முழுக்க ‘நார்மல்’ என்றே வரும். காரணிகள் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 30, 40 விழுக்காட்டுக்கு இறங்கினால்தான் ஏ.பி.டி.டி. நீளவே தொடங்கும்.

இவற்றில் பலவற்றைப் பிடித்துத் தருவது கேள்விகள். பல் பிடுங்கியபோது மறுநாளும் ரத்தம் வந்ததா? மூக்கில் ரத்தம் பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காமல் போனதுண்டா? மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? முந்தைய பிரசவத்திலோ ஆபரேஷனிலோ ரத்தம் ஏற்ற நேர்ந்ததா? ரத்த உறவில் யாருக்காவது இப்படி உண்டா? ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வலிமாத்திரை எடுக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால், சிறிய ஆபரேஷனுக்கு இந்தக் கட்டு சொல்லப்போவது எதுவும் இல்லை. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால், கட்டு நார்மலாக வந்தாலும் அதோடு நிறுத்தக் கூடாது. வான் வில்லிபிராண்ட் அளவும் பிளேட்லெட் செயல்பாடும் பார்க்க வேண்டும். தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வந்த குழந்தைக்கு 13ஆம் காரணியைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

ப்ளீடிங் டைமைப் பற்றி இரண்டு வரி போதும். 1910இல் ட்யூக் காது மடலில் குத்திப் பார்த்த முறை அது. குத்தும் ஆழம், தோலின் தடிப்பு, ஒற்றி எடுப்பவரின் கை, எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். ஆபரேஷனில் ரத்தம் எவ்வளவு போகும் என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை. க்ளாட்டிங் டைமும் அப்படியே: கடுமையான ஹீமோபிலியாவைத் தவிர மற்றதெல்லாம் அதன் கண்ணுக்குத் தப்பும். இவ்விரண்டும் நார்மல் என்ற சீட்டு பொய்யான தைரியம் தருவதால் வெறும் வீண் செலவைவிடக் கெட்டது.

ஆனால் இதே குடும்பத்தில் ஒரு சோதனை மட்டும் தன் இடத்தை இழக்கவில்லை. விரியன் வகைப் பாம்புக் கடிக்கு 20 நிமிட ரத்த உறைதல் சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் புதிதாக எடுத்த 2 மில்லி ரத்தம். அறை வெப்பத்தில் 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஓடினால், விஷம் உறைபொருட்களைத் தின்று தீர்த்துவிட்டது. இயந்திரம் எதுவும் வேண்டாம். தவறு இரண்டு இடத்தில் வரும்: பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலும், சோப்புத்தூளால் கழுவிய கண்ணாடியில் வைத்தாலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கக்கூடும். நடுவில் ஆட்டி ஆட்டிப் பார்ப்பதும் கெடுக்கும்.

கட்டில் விடுபடுபவை

ஃபைப்ரினோஜன்தான் கடைசியில் இழையாகி ரத்தத்தை நிறுத்தும் பொருள். பொதுவாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இது இயல்பாகவே 400க்கு மேல் போகும். ஆகவே பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டும் தாயின் ரிப்போர்ட்டில் 200 என்று வந்தால், அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, அது அபாயமணி. அந்த நேரத்தில் ப்ரோத்ராம்பின் டைமும் ஏ.பி.டி.டி.யும் நார்மலாகவே இருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபைப்ரினோஜனைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்கிறோம்.

பிளேட்லெட் எண்ணிக்கை திடீரென மிகக் குறைவாக வந்து, உடம்பில் ஒரு ரத்தப்புள்ளிகூட இல்லையென்றால், ஊதா டியூபின் ஈ.டி.டி.ஏ.வில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். இயந்திரம் கொத்தை எண்ணத் தெரியாமல் குறைத்துச் சொல்லும். ஸ்லைடில் பார்த்தால் கொத்து தெரியும். நீல மூடி டியூபில் எடுத்து எண்ணி, சிட்ரேட் நீர்த்ததற்காக 1.1ஆல் பெருக்கினால் உண்மை எண் கிடைக்கும்.

டி-டைமர், கட்டி கரையும்போது வரும் துண்டு. கட்டி இருக்க வாய்ப்பு குறைவு என்று டாக்டர் பரிசோதித்து முடிவு செய்தவருக்கு, மில்லிக்கு 500 நானோகிராமுக்குக் கீழே வந்தால் கால் நரம்பிலோ நுரையீரலிலோ கட்டி இல்லை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். 50 வயதைத் தாண்டியவருக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லை வைப்பார்கள். 72 வயதென்றால் 720. அதிகமாக வந்தால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது. காய்ச்சல், கர்ப்பம், புற்றுநோய், சமீபத்திய ஆபரேஷன், வெறும் முதுமைகூட அதை ஏற்றும். யூனிட்டையும் கவனியுங்கள்: எஃப்.இ.யூ., டி.டி.யூ. என்று இரண்டு உண்டு. முதலாவது ஏறத்தாழ இரண்டாவதைப்போல் இரு மடங்கு; மேலே சொன்ன 500 முதலாவதில். இது தெரியாமல் டி.டி.யூ.வில் வந்த 400ஐ ‘500க்குக் கீழே’ என்று படித்தால் ஒரு கட்டி தப்பிவிடும். நலமாக இருப்பவர்களுக்கான முழு உடல் பரிசோதனைக் கட்டில் டி-டைமரைச் சேர்ப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் புதிய வகை மாத்திரைகளான ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். கண்காணிப்பு கிடையாது. அவர்களின் எண் கொஞ்சம் ஏறியிருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம். அபிக்சபான் நிறைய இருக்கும்போதே ப்ரோத்ராம்பின் டைம், ஏ.பி.டி.டி. இரண்டும் நார்மல் காட்டக்கூடும். ரத்தம் எடுக்கும்போது மருந்தின் பெயரையும், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனையை இந்த மருந்துகள் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கும்.

விரல்நுனி ஐ.என்.ஆர். கருவி

வால்வு மாற்றியவர்களும் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் வீட்டிலேயே பார்க்க கோயகுசெக் எக்ஸ்எஸ் போன்ற கருவிகள் உள்ளன. குறைந்தது 8 மைக்ரோலிட்டர் ரத்தம், சுமார் ஒரு நிமிடத்தில் எண். காட்டும் எல்லை 0.8 முதல் 8.0 வரை. ஸ்டிரிப்பை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் போச்சு. ஒவ்வொரு ஸ்டிரிப் பெட்டியோடும் வரும் கோட் சிப்பின் எண், அந்தப் பெட்டியின் எண்ணோடு பொருந்த வேண்டும்.

செய்முறையில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காமல் குத்துவது: ஈரம் ரத்தத்தை நீர்க்கச் செய்யும். விரலைப் பிழிந்து பிழிந்து எடுப்பது: திசுநீர் கலந்து உறைதலைத் தொடக்கிவிடும். முதல் துளி போதாமல் இரண்டாவது துளியை அதே ஸ்டிரிப்பில் சேர்ப்பது: அந்த ஸ்டிரிப் அத்தோடு வீண், புது விரல், புது ஸ்டிரிப். குத்திய 15 நொடிக்குள் துளி ஸ்டிரிப்பைத் தொட வேண்டும். கையைக் கீழே தொங்கவிட்டு ஒரு நிமிடம் கழித்துக் குத்தினால் பிழியத் தேவையே இருக்காது.

2 முதல் 3.5 வரையிலான எண்களில் இந்தக் கருவிகள் டோஸ் தீர்மானிக்கப் போதுமான அளவு நம்பகமானவை. எண் ஏற ஏற லேபோடு இடைவெளி அகலும். 2018இல் இதே கருவியின் சில பேட்ச் ஸ்டிரிப்கள் 4.5க்கு மேல் உள்ள எண்களை இன்னும் கூட்டிக் காட்டியதால் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே 4.5க்கு மேல் காட்டினால் அன்றே நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் உறுதி செய்யுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்பொருள் (லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இந்த வகைதான்) உள்ளவர்களுக்கு இந்தக் கருவியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்; அந்த எதிர்பொருளே ஸ்டிரிப்பில் குறுக்கிட்டு எண்ணை ஏற்றிக் காட்டும். கடும் ரத்தசோகை இருந்தாலும் அதே கவனம் தேவை: ஹெமடோக்ரிட் 25க்கும் 55க்கும் இடையில் இருந்தால்தான் கருவி சொல்வது செல்லும்.

வாங்கிய முதல் வாரத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, கருவியை லேபுக்கு எடுத்துச் சென்று நரம்பில் ரத்தம் எடுத்த கையோடு விரலிலும் குத்திப் பாருங்கள். வேறுபாடு 0.5க்குள் இருந்தால் சரி. இரண்டு எண்களையும், தேதியையும், ஸ்டிரிப் பேட்ச் எண்ணையும் மாத்திரை டோஸ் எழுதும் அதே நோட்டில், அதே வரியில் எழுதி வையுங்கள்.